லைசன் எடுத்தாப் போதும் என்கிற காப்புறுதி

பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளை, வெலிமடை, குருத்தலாவ பக்கத்து உறவுகளே, தோட்டங்களில் இருந்து இதை வாசிக்கும் நண்பர்களே! பதிவு கொஞ்சம் நீளம். ஆனால் வாகனம் வைத்திருப்பவர், வாகனத்தில் ஏறுபவர், வாகனம் போகும் பாதையில் நடப்பவர் என்று யாருமே தப்ப முடியாத விஷயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலம் வந்தால் நம்ம ஊரில் கேட்கும் வசனம் ஒன்றுதான். "ஆகக் குறைஞ்ச விலைக்கு ஒரு தேர்ட் பார்ட்டி போடு மச்சான், லைசன் எடுத்தாச் சரி." ஒரு கையடக்கத் தொலைபேசி வாங்க பதுளை டவுனில் ஐந்து கடை ஏறி இறங்குகிறோம். ஓட்டோவுக்கு டயர் வாங்க மூன்று பேரிடம் விலை கேட்கிறோம். நாற்பது, ஐம்பது இலட்சம் பெறுமதியான வாகனத்துக்கும், அதற்கு முன்னால் வந்து விழக்கூடிய ஒரு மனித உயிருக்கும் சேர்த்துப் போடும் காப்புறுதியை மட்டும் ஐந்து நிமிடத்தில், நின்ற நிலையில், வாசிக்காமல் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

இந்தப் பழக்கம் பிழை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. இந்தப் பிழைக்கு விலை கொடுப்பது பெரும்பாலும் வாகனக்காரர்களாகிய நாம் இல்லை. மலையோரப் பாதையில் கொழுந்துச் சாக்கோடு நடந்து போகிறவர்களும், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளும்தான்.

*முதலில், இந்தச் சட்டம் யாருக்காக?*

மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் பாதையில் வாகனம் ஓட்டக்கூடாது என்று சொல்வது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். இங்கிலாந்தில் இதே கட்டாயம் 1930இன் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தோடு வந்தது. காரணம் எங்கும் ஒன்றுதான். வாகனம் மோதி ஒருவர் செத்தால் அல்லது முடமானால், மோதியவரிடம் நட்டஈடு கொடுக்கச் சல்லி இருக்காது. வழக்கில் வென்றும் அந்தக் குடும்பம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகும். அது நடக்கக் கூடாது என்றுதான், வாகனத்தைப் பாதையில் இறக்கும் முன்பே அந்தப் பொறுப்பைச் சுமக்க ஒரு நிறுவனத்தைக் காட்டச் சொல்கிறது சட்டம்.

ஆக, முதல் தரப்பு நாம், இரண்டாம் தரப்பு நிறுவனம், மூன்றாம் தரப்பு பாதையில் நிற்கும் அந்நியர். தாள் நம்முடைய டேஷ்போர்டில் இருந்தாலும் அதன் உரிமை அவருடையது. நாமோ அதை பொலிஸாருக்குக் காட்டும் தாளாக மாற்றி வைத்திருக்கிறோம்.

நம் நாட்டில் வருடாவருடம் 2,000 பேருக்கு மேல் வீதி விபத்தில் இறக்கிறார்கள். நம்ம ஊவாவின் பாதைகளைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்ததை மறந்துவிட்டோமா? 2025 செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய பாதையில் 15 உயிர்கள் போனதை மறந்துவிட்டோமா? ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் முகநூலில் அழுகிறோம். மூன்றாம் நாள் பழையபடி, "லைசனுக்கு ஒரு தாள் போடு."

*"ரோட்டிலேயே பேசித் தீர்த்துக்குவோம்"*

இதுதான் நம்ம பகுதியில் நடக்கும் மிகப் பெரிய அநியாயம். ஓட்டோவோ வேனோ ஒரு தோட்டத்து அம்மாவைத் தட்டிவிடும். நாலு பேர் கூடுவார்கள். "பொலிஸுக்குப் போனா அலைச்சல் அம்மா, இந்தாங்க பத்தாயிரம், மருந்துக்கு வச்சுக்கங்க" என்று ஒருவர் நீட்டுவார். அந்த அம்மாவும் வாங்கிக்கொண்டு லயத்துக்குப் போய்விடுவார். வாகனக்காரர் "அல்ஹம்துலில்லாஹ், லேசா முடிஞ்சுது" என்பார்.

கணக்குப் பாருங்கள். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயமானது. பத்தாயிரம் என்பது எட்டு நாள் வேலைக்கும் காணாது. காலில் எலும்பு உடைந்தால் எத்தனை மாதம் மலையேறிக் கொழுந்து எடுக்க முடியாது? பிறகு அந்த இடுப்பு வலி எத்தனை வருடத்துக்கு? அந்த நட்டத்தைச் சுமக்கத்தானே காப்புறுதி நிறுவனம் நம்மிடம் வருடாவருடம் சல்லி வாங்கியிருக்கிறது? கட்டிய காப்புறுதியைப் பாவிக்காமல், ஏழையின் உரிமையைப் பத்தாயிரத்துக்கு வாங்கிவிடுவதற்கு என்ன பெயர்? இது ஹக்குல் இபாத். மனிதரின் உரிமையை மனிதர்தான் மன்னிக்க வேண்டும் என்று குத்பாவில் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்?

"தோட்டத்துச் சனம் சல்லிக்காக வழக்குப் போடும்" என்று சிலர் சொல்வார்கள். உண்மை நேர் எதிரானது. உரிமை இருக்கும் இடத்தில்கூட அவர்கள் கேட்பதில்லை, ஏனென்றால் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நாம் சொல்லிக் கொடுப்போம். விபத்தில் காயப்பட்டால்:

1. பொலிஸில் முறைப்பாடு பதியாமல் வீட்டுக்குப் போக வேண்டாம். பதிவு இல்லாத விபத்தைப் பின்னர் நிரூபிப்பது மிகக் கடினம்.

2. வாகன இலக்கத்தையும், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அனுமதிப்பத்திரத்தையும், காப்புறுதிச் சான்றிதழையும் படம் எடுங்கள்.

3. வைத்தியசாலை அட்டை, மருந்துத் துண்டு, வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு என்று எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

4. நட்டஈட்டு வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் கொடுக்கும் காலம் இரண்டு வருடம். அது கடந்தால் உரிமை போய்விடும். வழக்குத் தொடுக்கும்போது காப்புறுதி நிறுவனத்துக்கும் முறைப்படி அறிவித்தல் போக வேண்டும். ஆகவே சட்டத்தரணியிடம் நேரத்தோடு போங்கள். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

*"எனக்கு புல் இன்ஷூரன்ஸ் இருக்கு, பயமில்லை"*

தேர்ட் பார்ட்டி போடுபவரைப் பற்றி மட்டும் பேசினால் நியாயமாகாது. புல் இன்ஷூரன்ஸ் போட்டவர்களில் பலருக்கும் தாங்கள் எதை வாங்கினோம் என்று தெரியாது. லீசிங் கம்பனி போடச் சொன்னது, போட்டோம். அவ்வளவுதான்.

வகுப்பில் விகிதசமம் படிப்பிக்கும் நாங்கள் ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறோம். 2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. இடையில் பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. ஆனால் நம்மில் பலர் பத்திரத்தில் பழைய பெறுமதியையே வருடாவருடம் புதுப்பித்து வந்தோம், கட்டுப்பணம் குறைய வேண்டும் என்பதற்காக. இப்போது சந்தையில் 60 இலட்சம் போகும் காருக்கு 40 இலட்சத்துக்குக் காப்புறுதி என்று வையுங்கள். விபத்தில் 6 இலட்சம் சேதம். பத்திரத்தில் சராசரி நிபந்தனை என்று ஒன்று இருந்தால், நாம் காப்புறுதி செய்தது மூன்றில் இரண்டு பங்குதான் என்று சொல்லி, 6 இலட்சத்தில் 4 இலட்சத்தையே கணக்கில் எடுப்பார்கள். அதிலும் நம் பங்காகக் கழிக்கும் தொகை, பாகங்களின் தேய்மானம் எல்லாம் போய் மிச்சம்தான் கைக்கு வரும்.

அதற்காகப் பெறுமதியைக் கூட்டிப் போடுவதும் புத்திசாலித்தனம் இல்லை. வாகனம் முழுதாக அழிந்தால், பொதுவாகச் சந்தைப் பெறுமதி அல்லது காப்புறுதித் தொகை, இரண்டில் குறைந்ததுதான் கிடைக்கும். 60 இலட்சக் காருக்கு 80 இலட்சம் போட்டால் மேலதிக கட்டுப்பணம் வீண். சரியான பெறுமதியை ஒவ்வொரு வருடமும் கேட்டு, எழுதி, புதுப்பியுங்கள்.

அடுத்தது, விலையை மட்டும் ஒப்பிடும் பழக்கம். ஒரு நிறுவனம் 65,000 கேட்கிறது, இன்னொன்று 58,000. நாம் சிரித்துக்கொண்டு 58,000க்குப் போவோம். முதலாவதில் விபத்தின்போது நாம் கட்ட வேண்டிய பங்கு 10,000 என்றும், இரண்டாவதில் 50,000 என்றும் இருந்தால்? ஒரே ஒரு விபத்தில் 40,000 கூடுதலாகப் போகிறது. வருடம் 7,000 மிச்சம் பிடித்து அதை ஈடு செய்ய ஆறு வருடம் வேண்டும். இதை தரம் 8 பிள்ளை கணக்குப் போட்டுக் காட்டும். நாம் ஏன் கேட்பதில்லை?

ஆகவே குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் இதே கேள்விகளைக் கேளுங்கள்:

- விபத்தின்போது என் பங்கு எவ்வளவு?

- மூன்றாம் தரப்புச் சொத்துச் சேதத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு? (ஒரு மதிலை அல்லது புது காரை இடித்தால் பழைய உச்சவரம்பு எந்த மூலைக்கும் காணாது.)

- வெள்ளம், மண்சரிவு, மரம் விழுதல் உண்டா? 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை இறங்கியதைப் பார்த்த மாவட்டம் இது. மழைக் காலத்தில் மலை அடிவாரத்தில் வாகனம் நிறுத்துபவர் இதைக் கேட்காமல் கையொப்பமிடலாமா?

- கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதத்துக்கான காப்பு சேர்ந்திருக்கிறதா? இது பத்திரத்தில் தனியாகச் சேர்ப்பது. 2014இல் அளுத்கமை, 2018இல் திகன, 2019இல் மினுவாங்கொடை. எரிந்த வாகனங்களின் படங்களை நாம் பார்த்தோம். தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருந்தவருக்கு எரிந்த தன் வாகனத்துக்கு அதில் ஒரு சதமும் இல்லை. மற்றக் காப்புகளோடு ஒப்பிட்டு இதன் விலையைக் கேளுங்கள், பிறகு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

- வாகனத்தில் ஏறுபவர்களுக்கு விபத்துக் காப்பு உண்டா, எத்தனை பேருக்கு, எவ்வளவு?

- மடுல்சீமையிலோ பூணாகலையிலோ வாகனம் நின்றால் இழுத்து வரும் செலவு எவ்வளவு வரை? சிக்னல் இல்லாத இடத்தில் விபத்து நடந்தால் எப்படி அறிவிப்பது, எத்தனை மணிநேரத்துக்குள்?

- எந்த கராஜில் திருத்தலாம்? பதுளையில் இருக்கிறதா, கொழும்புக்குக் கொண்டு போக வேண்டுமா?

பதிலை வாயால் வாங்காதீர்கள். வட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். "பயப்படாதீங்க, எல்லாம் கவர் ஆகும்" என்று சொல்பவரிடம் அந்த வசனத்தையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அப்போது தெரியும்.

ஏசன்ட்மாரைக் குறை சொல்வது நம் நோக்கம் இல்லை. அவர்களில் பலர் நம்மிடம் படித்த பிள்ளைகள், உழைத்துச் சாப்பிடுபவர்கள். ஆனால் ஏசன்ட் நிறுவனத்தின் ஆள் என்பதை மறக்க வேண்டாம். நம் சார்பில் தேடித்தர இருப்பவர் தரகர், அது வேறு ஆள். சொந்தக்காரர், கூட்டாளி என்பதற்காக வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுக்கிறோமே, அதில் அவர் எதை எழுதினாலும் அது நம் வாக்குமூலம். நாளை பிழையான தகவல் என்று நிராகரித்தால் அவர் கட்ட மாட்டார். வெற்றுத் தாளில் பெயரெழுதிக் கொடுக்கும் மாணவனுக்கு நாங்கள் புள்ளி போடுவோமா?

*ஹயர் ஓடுகிறது, ஆனால் பத்திரத்தில் "தனிப்பட்ட பாவனை"*

நேர்மையாகப் பேசுவோம். காலையில் பாடசாலைப் பிள்ளைகள், பகலில் ஹயர், பின்னேரம் மரக்கறிச் சாக்கு. பத்திரத்திலோ தனிப்பட்ட பாவனை. ஏன்? கட்டுப்பணம் குறைவு. விபத்து நடந்தால் நிறுவனம் முதலில் கேட்பதே வாகனம் எதற்குப் பாவிக்கப்பட்டது என்றுதான். அந்தக் கேள்வியில் நம் கோரிக்கை செத்துவிடும். மூன்றாம் தரப்புக்கு அவர்கள் கட்ட நேர்ந்தாலும், நிபந்தனையை மீறினீர்கள் என்று அந்தச் சல்லியை நம்மிடமே திருப்பிக் கேட்கும் நிலை வரலாம்.

மூன்று பேருக்கான ஓட்டோவில் எட்டுப் பிள்ளைகள், லைசன் இல்லாத மகனின் கையில் வாப்பாவின் சைக்கிள், வெற்றுப் படிவத்தில் கையொப்பம் மட்டும் வாங்கிப் பெயர் மாற்றாமல் வருடக்கணக்கில் ஓடும் 'ஓபன் பேப்பர்' வாகனம். இவை எல்லாம் இதே வகைதான். பிள்ளையை அந்த ஓட்டோவில் ஏற்றிவிடும் பெற்றோரும் கேட்க வேண்டும். மாதக் கூலியைப் பேரம் பேசும் நாம், "நானா, இந்த வேனுக்கு ஸ்கூல் சேர்விஸ் என்று காப்புறுதி போட்டிருக்கா?" என்று ஒரு தடவையாவது கேட்டோமா? பிள்ளை ஒரு அமானிதம் என்றால் இந்தக் கேள்வியும் அதில் சேர்ந்ததுதான்.

*"இன்ஷூரன்ஸ் ஹராம் தானே?"*

இதைச் சொல்லித் தப்பிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வணிகக் காப்புறுதியில் தெளிவின்மையும் வட்டியும் கலந்திருக்கின்றன என்ற கவலை உண்மையானது. ஜித்தாவில் 1985இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் சபையும் நிர்ணயக் கட்டண வணிகக் காப்புறுதியை ஏற்கவில்லை. ஆனால் அதே தீர்மானம், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையை அனுமதித்தது. அந்த அடிப்படையில் வந்த தகாஃபுல் 1999 முதல் நம் நாட்டில் இருக்கிறது. மார்க்கப் பேணுதல்தான் காரணம் என்றால் அதைத் தேடிப் போகலாமே? அதைத் தேடாமல், சட்டம் வற்புறுத்தும் ஆகக் குறைந்த தாளை வாங்கும்போது மட்டும் நம் பேணுதல் எங்கே போகிறது? அது பேணுதல் இல்லை, சிக்கனம். சிக்கனத்துக்கு மார்க்கத்தின் சட்டையைப் போடாதீர்கள்.

தவறுதலாக ஓர் உயிர் போனால் அதற்கான நட்டஈட்டை கொன்றவரின் உறவுக்கூட்டம் முழுவதும் பகிர்ந்து சுமக்க வேண்டும் என்று வகுத்த மார்க்கம் இது. பாதிக்கப்பட்ட குடும்பம் கைவிடப்படக்கூடாது என்பதுதான் அதன் கருத்து. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பவர்கள் நாம் என்று மிம்பரில் கேட்டுவிட்டு, கட்டாமல் விட்ட ஒட்டகத்தில் ஏறி ஸ்பிரிங்வெளி வளைவில் வேகமாகப் போகக்கூடாது.

*"எங்களுக்கு வசதியில்லை சேர்"*

இதில் நியாயம் இருக்கிறது. பழைய மோட்டார் சைக்கிளுக்கும், இருபது வருடம் ஓடிய ஓட்டோவுக்கும் புல் இன்ஷூரன்ஸ் போடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. வாகனம் அழிந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்றால் தேர்ட் பார்ட்டி போதும். ஆனால் அந்த தேர்ட் பார்ட்டியையே ஒழுங்காக எடுங்கள். சரியான பாவனையை எழுதுங்கள். சொத்துச் சேத உச்சவரம்பைக் கூட்டிக் கேளுங்கள். ஏறுபவர்களுக்கு விபத்துக் காப்புச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். வாகனம்தான் குடும்பத்தின் ஒரே உழைப்பு, இன்னும் லீசிங் கட்டி முடியவில்லை என்பவருக்கு மட்டும் சொல்கிறோம், நீங்கள் சல்லி மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான். வாகனம் பள்ளத்தில் கிடந்தாலும் லீசிங் தவணை மாதாமாதம் வரும்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் வீட்டில் இருந்து ஏசுவதில் பலனில்லை. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு. நியாயம் கிடைக்காவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம், கட்டணம் இல்லை. இத்துறையை மேற்பார்வை செய்ய இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. கடிதம் எழுதத் தெரியாது என்றால் எங்களிடம் வாருங்கள். ஆசிரியர்கள் எதற்கு இருக்கிறோம்?

*நாம் கேட்பது*

நிறுவனங்களிடம் கேட்கிறோம்: பதுளையில் கிளை திறந்து, தமிழில் பேசி, தமிழ் பேசும் மக்களிடம் கட்டுப்பணம் வாங்குகிறீர்கள். நிபந்தனைகளை மட்டும் ஏன் ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் தருகிறீர்கள்? தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. விளம்பரத்துக்குத் தமிழ் வருகிறது என்றால் நிபந்தனைக்கும் வர வேண்டும்.

பள்ளி நிர்வாகங்களிடமும் கோவில் சபைகளிடமும் தோட்டத் தலைவர்களிடமும் கேட்கிறோம்: வருடத்தில் ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். ஒரு சட்டத்தரணியையும் விஷயம் தெரிந்த ஒருவரையும் அழைத்து, ஓட்டோ, வேன் சாரதிமாரையும் தோட்டத்து மக்களையும் ஒரே மண்டபத்தில் உட்கார வையுங்கள். மோதுபவரும் மோதப்படுபவரும் ஒரே சட்டத்தைக் கேட்கட்டும்.

வாகனம் வைத்திருக்கும் நம்மிடம் நாமே கேட்போம்: இன்று இரவே டேஷ்போர்ட் லாச்சியைத் திறந்து அந்தத் தாளை எடுங்கள். பாவனை என்ன என்று எழுதியிருக்கிறது, பெறுமதி எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு, முடியும் திகதி எப்போது. இந்த நாலு வரியை வாசியுங்கள். விளங்காததைப் படம் எடுத்து, வாகன இலக்கத்தையும் பெயரையும் மறைத்து, கீழே போடுங்கள். சேர்ந்து வாசிப்போம்.

பத்தாயிரத்தை நீட்டும் கையை மட்டும் இனி நிறுத்துவோம். முதலில் அந்த அம்மாவை வைத்தியசாலைக்குக் கொண்டு போவோம், பிறகு பொலிஸுக்கு நாமே போவோம்.

வஸ்ஸலாம்.